ஒற்றைப் படி

நுழையும்முன்

மடிக்கணினி பழுதானால் கடைக்குக் கொண்டுசெல்கிறோம். தட்டை மாற்றித் தருகிறார்கள். மென்பொருளை மீண்டும் நிறுவித் தருகிறார்கள். கணினி முன்போலவே இயங்குகிறது. ஆனால், அதற்குள் நாம் எழுதி வைத்தவை எங்கே? ஏடுகளைப் படியெடுத்துக் காத்த மரபில் வந்தவர்கள் இவ்வினாவை எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றிய கருத்துரை இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், என் முன்னாள் மாணவி ஒருத்தி துணிப்பையில் மடிக்கணினியைச் சுமந்துகொண்டு ஆதம்பாக்கத்திலுள்ள என் வீட்டிற்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் அரசு அவளுக்கு விலையில்லாமல் வழங்கிய கணினி அது. கல்லூரிப் படிப்பு முழுவதையும் அதை வைத்தே முடித்திருந்தாள்.

“தமிழம்மா, இரண்டு நாளாக இதற்குள்ளே ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது. கடையில் கொடுத்தேன். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிது போட்டுத் தருகிறேன், உள்ளே இருப்பது வராது என்று சொல்லிவிட்டார்கள்” என்றாள்.

“உள்ளே என்ன இருக்கிறது?” என்று கேட்டேன்.

“ஆயா பாடியது” என்றாள்.

கணினி ஆசிரியரிடம் செல்ல வேண்டியவள் தமிழாசிரியரைத் தேடி வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. செய்யாற்றுப் பக்கத்துச் சிற்றூரில் இளமையில் நாற்று நட்டு, பின்னாளில் கட்டட வேலைக்காகச் சென்னைக்கு வந்தவர் அவளுடைய ஆயா. தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி எனப் பதினான்கு பாடல்களை அவர் பாட, பேத்தி கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்திருந்தாள். கைப்பேசியில் இடம் போதாமையால் அவற்றைக் கணினிக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டாள். பாடல் வரிகளை நாற்பது பக்கங்களுக்குத் தட்டச்சு செய்து கல்லூரியில் ஆய்வேடாகவும் அளித்திருந்தாள். அவள் என் வீட்டுக்கு வருவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே ஆயா இறந்துபோயிருந்தார். ஆக, அப்பாடல்கள் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தன. அந்த இடம் ‘டிக் டிக்’ என்று ஒலித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒலி எதனால் எழுகிறது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். வன்தட்டு என்பது அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வட்டத்தகடு. அதன்மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு இருக்கிறது. பெரும்பாலான மடிக்கணினிகளில் அத்தகடு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. அதன்மேல் எழுதவும் படிக்கவும் உதவும் சிறிய தலை, தகட்டைத் தொடாமல் அதற்கு மேலே மிதந்து செல்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு சில நானோமீட்டர்களே. நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால், அந்த இடைவெளியின் நுண்மையை எண்ணிப் பாருங்கள். கணினி கீழே விழும்போதோ, உறுப்புகள் தேயும்போதோ அத்தலை தன் இடத்தை அறிய இயலாமல் தடுமாறுகிறது, பின்வாங்குகிறது, மீண்டும் முயல்கிறது. அந்த முயற்சியின் ஓசையைத்தான் நாம் கேட்கிறோம்.

முதல் வன்தட்டுக் கருவியை ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டு வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளைக் கொண்டு, ஒரு டன்னுக்கும் மிகுதியான எடையுடன் விளங்கிய அக்கருவி, ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளைத்தான் தாங்கியது. இன்று அது கைப்பேசியில் எடுக்கும் ஓரிரு ஒளிப்படங்களுக்கே போதாது. அளவு பெருகியிருக்கிறது, ஆனால், தட்டு என்றேனும் ஒருநாள் நின்றுபோகும் என்ற உண்மை மட்டும் மாறவில்லை. சுழலும் உறுப்பே இல்லாத ‘எஸ்.எஸ்.டி.’ எனப்படும் திண்மநிலை வட்டுக்கும் இது பொருந்தும். அது ஓசையெழுப்பி எச்சரிப்பதுகூட இல்லை.

மாணவியின் கணினியை எங்கள் பள்ளிக் கணினி ஆசிரியரிடம் எடுத்துச் சென்றோம். அவர் செய்தவற்றைவிட, செய்யாமல் விட்டவையே என் மனத்தில் பதிந்தன. அவர் கணினியை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்கவில்லை. பழுதுற்ற தட்டு ஒவ்வொரு முறை சுழலும்போதும் தகட்டில் கீறல் மிகக்கூடும் என்றார். ‘தொடக்க நிலைக்கு மீட்டல்’ என்று திரை காட்டிய பொத்தானையும் அவர் அழுத்தவில்லை. ‘மீட்டல்’ என்ற சொல் பலரை ஏமாற்றிவிடுகிறது. அது கணினியைத்தான் மீட்கும். நம் கோப்புகளை அழித்துவிட்டு, கடையிலிருந்து வந்த முதல் நாள் நிலைக்கு அதனைக் கொண்டுபோய் நிறுத்தும். மேலும், அவ்வாறு மீட்பதற்கான மென்பொருளைப் பெரும்பாலும் அதே தட்டின் ஒரு பகுதியில்தான் வைத்து அனுப்புகிறார்கள். வீட்டின் மாற்றுச்சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியதைப் போன்ற ஏற்பாடு அது. தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று யாரோ சொன்னதையும் மாணவி தயக்கத்தோடு கேட்டாள். சென்னையின் ஈரக்காற்றில், குளிர்ந்த தட்டை வெளியே எடுத்தால் அதன்மேல் நீர்தான் படியும் என்று சிரித்தார் ஆசிரியர்.

அவர் ஒரு விரலியை, அதாவது பென் டிரைவைக் கணினியில் செருகினார். அதில் ‘பாஸ்’ எனப்படும் இயக்க அமைப்பு இருந்தது. ‘பாரத் இயக்க அமைப்புத் தீர்வுகள்’ என்னும் பெயரில் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய, லினக்ஸ் வழிப்பட்ட மென்பொருள் அது. கட்டணமின்றி எவரும் பெறலாம். எத்தனை கணினியிலும் நிறுவலாம். தட்டிலுள்ள விண்டோசைத் தொடாமல், விரலியிலிருந்தே கணினியை இயக்கி, தட்டைப் படிக்க மட்டும் செய்து, முதலில் ஒலிக்கோப்புகளை வேறொரு தட்டுக்குப் படியெடுக்கத் தொடங்கினார். இரவு ஒன்பது மணிவரை அப்பணி நீண்டது. சில கோப்புகள் நொடிப்பொழுதில் வந்தன. சில கோப்புகளில் தட்டு திணறித் திணறி நின்றது.

அந்தக் காத்திருப்பில் எனக்கு ஏட்டுச்சுவடிகளே நினைவுக்கு வந்தன. பனையோலை நிலையான பொருள் அன்று. நன்கு பேணினாலும் சில நூற்றாண்டுகளில் அது செல்லரித்தும் ஒடிந்தும் போகும். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய சங்கப் பாடல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன என்றால், ஓலை நிலைத்தது என்பது பொருளன்று. ஓலை அழியும் என்பதை அறிந்த ஒருவர், அழியுமுன் மற்றோர் ஓலையில் எழுதி வைத்தார். அவருக்குப் பின் மற்றொருவர் எழுதினார். இன்று நாம் கையில் ஏந்தும் புறநானூறு, பெயர் தெரியாத பல தலைமுறைப் படியெடுப்போரின் கைவழியாக வந்தது. படியெடுத்தபின் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. அந்த வழக்கத்தில், முதற்பகுதியாகிய படியெடுத்தலை மறந்துவிட்டு, இரண்டாம் பகுதியாகிய ஆற்றில் விடுதலை மட்டும் செய்தவர்களால் நாம் இழந்தவை ஏராளம்.

உ.வே.சாமிநாதர் ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் தேடியது ஒரு நூலுக்கு ஒரு படி கிடைத்தால் போதும் என்பதற்காக அன்று. ஒரே நூலின் பல படிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால்தான், ஒன்றில் சிதைந்த அடியை மற்றொன்றால் நிறைவு செய்ய முடியும். சீவக சிந்தாமணி 1887ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894ஆம் ஆண்டிலும் அச்சேறியமைக்குப் பின்னால் இத்தகைய ஒப்பீட்டு உழைப்பே இருந்தது. ஒற்றைப் படியாக எஞ்சியவற்றின் நிலையோ வேறு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சு நூல்களுள் பலவற்றை வேறு ஊர்களிலிருந்து மீண்டும் பெற முடிந்தது. வேறெங்கும் படியில்லாத ஏடுகளைப் பெற வழியே இல்லை.

தெரிந்து தெளிவோம்

உ.வே.சா. (1855–1942) தொகுத்த சுவடிகளும் நூல்களும் சென்னை பெசன்ட் நகரிலுள்ள டாக்டர் உ.வே.சா. நூல்நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அந்நூல்நிலையம் 1943ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்த அச்சு நூல்களும் இதழ்களும், தரமணியிலுள்ள அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் நுண்படமாகவும் மின்வடிவிலும் படியெடுக்கப்பட்டு வருகின்றன.

எங்கள் பகுதி மக்களுக்கு இந்த வேறுபாட்டை வெள்ளமே கற்பித்தது. ஆதம்பாக்கம் ஏரியின் மிகைநீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைய வேண்டும். வழியெங்கும் வீடுகள் பெருகிவிட்டன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் நீர் தெருக்களில் ஏறியது. தரைத்தள வீடுகளில் கட்டில் உயரத்திற்கு நின்றது. வடிந்தபின் அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. மதிப்பெண் சான்றிதழ், குடும்ப அட்டை முதலியவற்றை இழந்தோர்க்கு மாற்றுப்படிகள் வழங்கப்பட்டன. அவ்வாறு வழங்க முடிந்தமைக்குக் காரணம், அவற்றின் மூலப்பதிவு வேறோர் அலுவலகத்தில் இருந்ததுதான். அதே வெள்ளத்தில் நனைந்த கணினிகளிலிருந்த திருமண ஒளிப்படங்களுக்கும், கடைக் கணக்குகளுக்கும், பாதி எழுதிய ஆய்வேடுகளுக்கும் எந்த முகாமிலும் மாற்றுப்படி கேட்க முடியவில்லை. சகதி படிந்த கணினியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருமுனையில் நின்ற ஓர் இளைஞரின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

இவ்விடத்தில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் ஐம்பது இலட்சத்தை ஒட்டிய மாணவர்கள் அதனால் பயன்பெற்றனர். வீட்டில் முதல் கணினி, ஏன், முதல் எழுதுமேசையே அதுதான் என்ற குடும்பங்களை நான் அறிவேன். இத்திட்டத்தைக் குறைத்துப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், கருவியைக் கொடுத்த நாம், அது பழுதாகும்போது என்ன செய்வது என்பதைக் கற்பிக்கவில்லை. என் தெருவிலேயே நான்கு வீடுகளில் அக்கணினிகள் பரணில் கிடக்கின்றன. நான்கில் மூன்று, தட்டை மாற்றினாலே இயங்கக்கூடியவை. கணினியோடு ஒரு விரலியும், படியெடுக்கக் கற்பிக்கும் ஒரு பாடவேளையும், பள்ளியில் ஒரு பழுதுநீக்கும் மேசையும் சேர்த்துத் தரப்பட்டிருந்தால், அவை பரணுக்குப் போயிருக்க மாட்டா.

தட்டை மாற்றுவது கடினமான கலை என்று எண்ணிவிட வேண்டாம். என் மாணவி என் கண்ணெதிரே, ஆசிரியர் சொல்லச் சொல்லத் தானே செய்தாள். மின்னிணைப்பைத் துண்டித்து, மின்கலத்தைக் கழற்றினாள். உடலிலுள்ள நிலைமின்னூட்டம் நுண்சுற்றுகளைத் தாக்காதிருக்க, அருகிலிருந்த இரும்பு அலமாரியைத் தொட்டுக்கொண்டாள். அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, எந்தத் திருகாணி எந்தத் துளைக்குரியது என்பது மாறாதிருக்க, ஒரு தாளில் கணினியின் படத்தை வரைந்து அதன்மேல் அந்தந்த இடத்தில் வைத்தாள். (தமிழ் வகுப்பில் அவள் வரைந்த படங்களைவிட அது தெளிவாகவே இருந்தது.) இரண்டரை அங்குலப் பழைய தட்டை இணைப்பிலிருந்து பக்கவாட்டில் மெல்ல இழுத்து எடுத்தாள். ரிச்சி தெருவில் வாங்கி வந்த, அதே அளவுடைய திண்மநிலை வட்டை அங்கே பொருத்தினாள். கால்மணி நேரத்திற்கு மேல் ஆகவில்லை.

மென்பொருளை நிறுவுவதற்குத்தான் பொறுமை தேவைப்பட்டது. விரலியிலிருந்து இயக்க அமைப்பு ஏறியது. விண்டோசுக்கான உரிமக்குறி அண்மைக்காலக் கணினிகளில் தட்டில் இல்லாமல் தாய்ப்பலகையிலேயே பதிந்திருப்பதால், தட்டை மாற்றினாலும் உரிமம் பறிபோவதில்லை. கடைக்காரர் அதற்கெனத் தனித்தொகை கேட்டால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒலி, கம்பியில்லா இணைப்பு முதலியவற்றுக்கான இயக்கிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். முன்னைவிட விரைவாகக் கணினி விழித்தெழுந்தது. மாணவியின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது.

அம்மகிழ்ச்சி நாற்பது பக்க ஆய்வேட்டைத் திறந்தபோது மறைந்தது. திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் பொருளற்றுச் சிதறிக் கிடந்தன. கோப்பு கெட்டுவிட்டது என்று அவள் அழத் தொடங்கினாள். அது கெடவில்லை. தட்டச்சுக் கடையில் ‘பாமினி’ எழுத்துருவில் அதை அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஆங்கில எழுத்துகளுக்குரிய இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த பழைய முறை அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தன் முகத்தை இழந்துவிடும். புதிய தட்டில் நாங்கள் எல்லா மென்பொருளையும் நிறுவியிருந்தோம். அந்த ஓர் எழுத்துருவை நிறுவவில்லை. எழுத்துருவை ஏற்றியதும் நாற்பது பக்கங்களும் தமிழாயின. உடனே மாற்றி மென்பொருளின் துணையோடு அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினோம். ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண் என்பதே ஒருங்குறியின் அடிப்படை. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டே அதனை ஏற்றுக்கொண்டது. எனினும், அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பள்ளிகளிலும் பழைய எழுத்துருக்களில் உறங்கும் கோப்புகள் இன்னும் எத்தனையோ! தட்டு நன்றாக இருந்தும் படிக்க ஆளற்றுப்போகும் ஏடுகள் அவை. நீங்கள் தமிழில் எதைத் தட்டச்சு செய்தாலும் ஒருங்குறியிலேயே செய்யுங்கள் என்று ஒரு தமிழாசிரியராக நான் வற்புறுத்துவேன்.

‘எல்லாவற்றையும் இணையத்தின் மேகக்கணினியில் போட்டுவிட்டால் கவலையில்லையே’ என்று மாணவர்கள் கேட்பதுண்டு. போடுங்கள், அது நல்ல படிதான். ஆனால், அது மட்டும் போதாது. கைப்பேசி எண்ணை மாற்றியபின் கடவுச்சொல்லை மறந்து, தம் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விலையின்றிக் கிடைக்கும் இடம் நிரம்பியதும் புதியவை சேராமல் நின்றுபோவதும் உண்டு. மூன்று படிகள் இருக்கட்டும். அவை இருவேறு வகைக் கருவிகளில் இருக்கட்டும். ஒன்று வீட்டிற்கு வெளியே இருக்கட்டும் என்பது கணினித் துறையினர் பரவலாகக் கடைப்பிடிக்கும் நெறி. வீட்டிற்கு வெளியே என்பதன் தேவையை, வெள்ளம் பார்த்த ஆதம்பாக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.

பழைய தட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது நம் வழக்கமாகிவிட்டது. கோப்பை அழித்தால், கணினி அதன் இருப்பிடக் குறிப்பைத்தான் நீக்குகிறது. வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே இருக்கும். உங்கள் ஒளிப்படங்களும் வங்கி விவரங்களும் கடவுச்சொற்களும் அத்தட்டில் இருக்கின்றன. குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தயங்காதீர்கள், அது உங்கள் பொருள். முழுவதும் மேலெழுதி அழித்தபின், மின்னணுக் கழிவு பெறும் மையத்தில் ஒப்படைக்கலாம். குப்பைத்தொட்டியில் இட்டால் அது எங்கே போகும் என்பதை நாங்கள் அறிவோம். பெருங்குடிக் குப்பைமேடு எங்களுக்குத் தொலைவில் இல்லை. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு பகுதியைத் தூர்த்தே அம்மேடு எழுந்தது. அதே 2022ஆம் ஆண்டில்தான், பொருளை வாங்கியவருக்கு அதனைப் பழுதுநீக்கிப் பயன்படுத்தும் உரிமை வேண்டும் என்பதற்காக ஒன்றிய அரசு ஒரு குழுவை அமைத்தது. அண்மைக்காலக் கணினிகள் சிலவற்றில் சேமிப்பகத்தைத் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள். அதில் தட்டை மாற்றவே வழியில்லை. வாங்கும்போதே, ‘இதைத் திறக்க முடியுமா?’ என்று கேட்டு வாங்குவது நல்லது.

அன்றிரவு பதினான்கு ஒலிக்கோப்புகளில் பதினொன்று முழுமையாகக் கிடைத்தன. மூன்றைத் தட்டு கடைசிவரை தரவில்லை. தட்டைப் பிரித்துத் தூசியற்ற அறையில் வைத்து மீட்கும் நிறுவனங்கள் உண்டு. அவர்கள் கேட்ட தொகை அவளுடைய ஆறுமாதச் சம்பளம். அந்த மூன்றின் வரிகள் ஆய்வேட்டில் இருந்தன. அவற்றுள் இரண்டின் மெட்டு அவளுடைய அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவரைப் பாடச் செய்து பதிந்து, ஒரு படியைத் தன்னிடமும், ஒன்றைச் செய்யாற்றில் மாமா வீட்டிலும், ஒன்றை என்னிடமும் கொடுத்து வைத்திருக்கிறாள். எஞ்சிய ஒன்று நடவுப்பாட்டு. பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் ஒரு குலவை உண்டு என்று அவள் எழுதியிருக்கிறாள். அக்குலவை எங்கே ஏறி எங்கே இறங்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.